மிஸ் இல்லாத குரூப்

ஹாஃப்-டைம். ஒரு கோல் பின்னால் இருந்தோம். திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் முப்பது வருஷம் பி.டி. மிஸ். அன்று மண்டல ஃபுட்பால் ஃபைனல். ஜெயித்தால்தான் டிஃபென்ஸ் ஆடும் ஸ்டெல்லாவுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட். தோற்றால் பிளஸ் டூ முடித்ததும் இறால் கம்பெனி வேலை என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள்.

ஸ்டெல்லா பேச மாட்டாள். பந்து எங்கே வரும் என்று அவளுக்குத்தான் முதலில் தெரியும். கேட்டால் "ம்" என்பாள். கோல்கீப்பர் ரோஜா நேரெதிர். கன்டெய்னர் லாரி ஹாரனையும் அமுக்கிவிடும் தொண்டை. அதே ரோஜா டீம் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுவது "சரிங்க மிஸ்", கூடவே ஒரு கும்பிடு. எல்லோரும் அதேதான். எவ்வளவு மரியாதையான பிள்ளைகள் என்று பூரித்துப் போயிருந்தேன்.

"எங்கடி தப்பு நடக்குது?" என்றேன். பதினோரு பேரும் பூட்ஸைப் பார்த்தார்கள்.

ரோஜாவுக்குப் பொறுக்கவில்லை. "ஸ்டெல்லாவுக்குத் தெரியும் மிஸ். வாயால சொல்லாது. போனக் குடுங்க, எழுதும்."

மேட்ச் அன்று போன்களைப் பிடுங்கி என் பையில் வைப்பது வழக்கம். வேறு வழியில்லாமல் இருவருக்கும் கொடுத்தேன். ஸ்டெல்லா மடமடவென்று எழுதினாள். ஒரு முழம் தள்ளி இருந்த ரோஜாவின் போன் 'டிங்' என்றது. என் போனில் ஒன்றும் வரவில்லை. நான் இல்லாமல் இன்னொரு குரூப் இருக்கும் விஷயம் அப்போதுதான் தெரிந்தது. பெயர் 'வுடாத மாமே'. அதில் இந்த ஊமைக்கோட்டான் நம்பர் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள்!

ஸ்டெல்லாவின் புத்தகத் தமிழை ரோஜா தன் பாஷையில் மாற்றிப் படித்தாள். "ஒண்ணு, எதிர் டீம் ஒம்போதாம் நம்பரு லெஃப்ட்ல போற மாரி போயி ரைட்ல திரும்புது, நம்பாதீங்கடி. ரெண்டு, கடல் காத்து அடிச்சிகினு கீது, பந்தத் தூக்காம தரையில உருட்டுங்க. மூணு..." நிறுத்திவிட்டாள்.

"படி."

"வாணாம் மிஸ்."

"படிடீ!"

"மிஸ் கத்தறதக் காதுலயே வாங்காதீங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் முதல் பாதியில் "ஸ்டெல்லா, பின்னால வா!" என்று அலறியது நான்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் ஒன்பதாம் நம்பர் கோல் போட்டது.

இரண்டாம் பாதி முழுக்கத் துப்பட்டாவை வாயில் கடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் போட்டு சமம் செய்தார்கள். கடைசி நிமிஷத்தில் ஒன்பதாம் நம்பர் லெஃப்டில் கிளம்பியது. வாயிலிருந்து துப்பட்டா நழுவிவிட்டது.

"ஸ்டெல்..."

"கம்முனு இரு மிஸ்ஸு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. கத்தியது ரோஜா இல்லை, ஸ்டெல்லா! அவள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரைட்டில் காத்திருந்து பந்தைப் பிடுங்கித் தரையிலேயே முன்னால் அனுப்பினாள். கோல். நான் அழுதேவிட்டேன்.

அவளுக்கு சீட் கிடைத்தது. புதிதாக வரும் பி.டி. மிஸ்களுக்கு நான் சொல்வது இதுதான்: குரூப்பில் கும்பிடு மட்டும் வந்தால், நீங்கள் சொல்வதை யாரும் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம்.

மேட்ச் அன்று சாயங்காலமே ஸ்டெல்லாவிடமிருந்து மெசேஜ் வந்தது. "மதிப்பிற்குரிய மிஸ், மைதானத்தில் தங்களிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதற்கு மன்னிக்கவும். ஆனால் அடுத்த மேட்சிலும் தாங்கள் கத்த வேண்டாம்."

"சரிங்க மிஸ்" என்று பதில் எழுதினேன். கூடவே ஒரு கும்பிடு.