மூன்று வீட்டுக்கு ஒரு பத்திரம்

குடிவந்த அன்றைக்கே ஐரேனுக்கு முதல் சந்தேகம் வந்துவிட்டது. சாமான் வண்டி திரும்பிப் போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இடது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு நிறைய வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு வந்தது, மேலே தேங்காய்த் துருவலும் எள்ளும் தூவி. வலது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம். இரண்டையும் சிரித்த முகத்தோடு வாங்கிவைத்துவிட்டு, கொடுத்தவர்கள் எதிரில் நிற்கும்போதே கணவனிடம் தமிழில் கேட்டாள்:

"என்னங்க, இவ்வளவு அன்பு எதுக்கு?"

"கிழங்குதானே ஐரேன். தின்னு" என்றான் பிரான்சுவா.

அவர்கள் இருவருக்கும் தமிழ் பெரும்பாலும் அதற்குத்தான் பயன்பட்டது. இரண்டு பேருமே, பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் காரைக்காலிலிருந்து போன குடும்பங்களில் சைகோனில் பிறந்த கத்தோலிக்கர்கள். வேலை செய்வதும் பேரம் பேசுவதும் சண்டை போடுவதும் வியட்நாமிய மொழியில். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியக்கூடாத விஷயம் மட்டும் தமிழில்.

ஐரேனின் சந்தேகம் சும்மா வந்ததல்ல. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, போர் முடிந்து நகரம் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறிய மறுவருஷம், அப்பா ஜூல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். குடும்பத்தின் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு தோல்பையில் எடுத்துக்கொண்டு, "மூணு மாசத்துல உங்களைக் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அங்கே வேறொரு குடும்பம் இருந்தது தெரியவர பதினோரு வருஷம் ஆயிற்று. அம்மா அதற்கப்புறமும் துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யில் இருந்த சந்து வீட்டை விட்டு நகரவில்லை. ஐரேனும் நகர்ந்திருக்கமாட்டாள். ஆனால் 2007-இல் சாலையை அகலப்படுத்த அந்தச் சந்து முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். அப்போது மகள் ஜூலியேத்துக்கு ஐந்து வயது.

நகருக்கு வெளியே, குச்சி என்ற ஊருக்குப் போகும் சாலையில், ஹோக்மோனைத் தாண்டி, காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே முளைத்துக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பில் வீடு வாங்கினார்கள். விற்றவனின் விளம்பரத் தாளில் 'குழந்தைகளோடு வாழ ஏற்ற இடம்' என்று போட்டு, பச்சைப் புல்லில் ஓடும் ஒரு குடும்பத்தின் படம் இருந்தது. புல் உண்மைதான், மாடுகளும் மேய்ந்தன. தொடக்கப்பள்ளி நடக்கும் தூரத்தில். மாலையானால் தெருவே குழந்தைகளால் நிறைந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இரும்பு வாடை அடித்தது, மழை பெய்தால் தெரு கணுக்காலளவு சேறானது என்பதெல்லாம் படத்தில் இல்லை. ஐரேன் வேலை பார்த்த மழலையர் பள்ளிச் சமையலறையும், பிரான்சுவா மோட்டார் காயில் கட்டும் கடையும் கான் ஹொய்யிலேயே இருந்தன. விடியும்போதே ஒரே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஒன்றேகால் மணி நேரம் புகையையும் லாரிகளையும் கடந்து பாலமேறிப் போனார்கள்.

ஆனால் அவளை உறுத்தியது அதெல்லாம் அல்ல. ஒரே மனையில் வரிசையாகக் கட்டிய மூன்று வீடுகளில் நடு வீடு அவர்களுடையது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பத்திரம். அந்த ஊரில் வீட்டுப் பத்திரத்தை அதன் அட்டை நிறத்தை வைத்து ரோஜாப் புத்தகம் என்பார்கள். அந்த ஒரு புத்தகத்தில் மூன்று குடும்பத்தின் பெயரும் இருந்தது. யார் எதைச் செய்வதென்றாலும் மற்ற இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். இடது வீட்டுக்காரர் லொக், குச்சி பேருந்தின் ஓட்டுநர், வாய் ஓயாத மனிதர். வலது வீட்டில் ஹுவே, கணவனை இழந்தவள், அதே தொடக்கப்பள்ளியின் அலுவலகத்தில் வேலை.

புத்தகம் யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தபோது ஐரேன்தான் வழி சொன்னாள். ஒரு தடித்த உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் மூவரும் கையெழுத்துப் போடவேண்டும். வீட்டுக்கு நான்கு மாதம் என்று முறை வைத்துக்கொள்ளவேண்டும்.

"என்ன ஐரேனக்கா, நாங்க என்ன திருடங்களா?" என்று லொக் சிரித்தார்.

"நான் அப்படிச் சொல்லலியே அண்ணே" என்றாள் ஐரேன். ஆனால் அவர் சிரித்ததையும் மனதில் குறித்துவைத்துக்கொண்டாள்.

அடுத்த மே மாதம், முறை லொக்கிடம் இருந்தது. காய்ச்சலில் கிடந்த ஜூலியேத்துக்காக ஐரேன் அன்று வேலைக்குப் போகவில்லை. பத்து மணி வாக்கில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவன் அளவு நாடாவை இழுத்தான். மற்றவன் மூன்று வீடுகளையும் படம் பிடித்தான். ஐரேன் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"யாரு நீங்க? எதுக்கு அளக்கறீங்க?"

"சும்மா பாக்கறோம் அக்கா" என்றான் நாடாக்காரன். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் நாடாவை அவசரமாகச் சுருட்டிக்கொண்டான்.

வீட்டைச் சும்மா யாராவது அளப்பார்களா? லொக் வீட்டில் போன மாதம்தான் புது இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு போனதை அவள் இரண்டு முறை பார்த்திருந்தாள். புத்தகத்தை எங்கேயோ அடகு வைக்கிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. நேராக அவர் வீட்டுக்குப் போய், உறையைப் பார்க்கவேண்டும் என்றாள்.

லொக்கின் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "அலமாரியில இருக்கு. சாவி அவர்கிட்ட."

"அவர் எப்ப வருவாரு?"

"பஸ்ஸுக்குப் போனவரு எப்ப வருவாருன்னு எனக்கென்ன தெரியும்?"

மாலையில் பிரான்சுவாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "ரோடு போடறவங்களா இருக்கும்" என்றான். மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபேன் சத்தம் மாறினாலே எழுந்துபோய்ப் பார்க்கிறவன், வீட்டை அளந்தார்கள் என்றதும் சோறு போடச் சொன்னான். அது அவளுக்கு நெருடியது. ஆனாலும் அவள் கோபம் முழுக்க அப்போது லொக் மீதே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்ததும், ஹுவேயைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவள் வீட்டுக்குப் போனாள். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்குமுன்னே ஹுவேயின் முகம் இறுகிவிட்டது.

"நீங்க நடிக்கறீங்களா, நிஜமாவே தெரியாதா?" என்றாள். "அளக்க வந்தவங்களை அன்னைக்குப் பள்ளிக்கூட வாசல்ல நான் பார்த்தேன். நடு வீட்டுக்காரர்தான் கூப்பிட்டாருன்னு சொன்னாங்க. உங்க வீட்டுக்காரர் பத்து நாள் முன்னாடியே என்கிட்ட கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் கொடுத்தாரு. இதோ, அரிசி டப்பாவுக்கு அடியில வச்சிருக்கேன்."

ஐரேன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். பத்திரத்தை மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லும் மனு. அடியில் பிரான்சுவாவின் கையெழுத்து. பக்கத்தில் லொக்கின் கையெழுத்து. உறையைப் பிரிக்காமல் அந்த மனுவில் பத்திர எண்ணை எழுதியிருக்க முடியாது.

"நீங்க ரெண்டு பேரும் என் சுவரைப் பார்த்துக்கிட்டே உங்க பாஷையில பேசறீங்க" என்றாள் ஹுவே. "எங்களைப் பத்தித்தான் பேசறீங்கன்னு தெரியாதா? நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடறது?"

ஐரேன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து, பிரான்சுவாவின் முன்னால் தாளை வைத்தாள். இந்த முறையும் தமிழில்தான் பேசினாள், ஆனால் தெருவுக்கே கேட்கும் குரலில்.

"எங்க பப்பாவும் இப்படித்தான் எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கிட்டு உண்மையைச் சொல்லாம போனாரு. நீங்க எங்க போகப்போறீங்க?"

பிரான்சுவாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் எங்கடி போகப்போறேன்? பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல இடம் வேணும். நம்ம குடும்பப் பதிவை இந்த வீட்டு முகவரிக்கு மாத்தினாத்தான் சேர்ப்பாங்களாம். கூட்டுப் பத்திரம்னா மத்தவங்க சம்மதம் வேணும். அதுக்குப் பிரிச்சிட்டாலே தீர்ந்துதுன்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ முதல்ல லொக்கைச் சந்தேகப்படுவ, அப்புறம் ஆபீஸ்காரனை, கடைசியில என்னைய. அந்த வரிசை முடியறதுக்குள்ள பள்ளிக்கூடம் திறந்துடும்."

அவள் அழுதாள். அயலான் லொக்கை நம்பின அளவுக்குத் தன்னை அவன் நம்பவில்லையே என்பதுதான் அவளைச் சுட்டது. அவன் தேற்ற வரவில்லை. தேற்றினால் இன்னும் அழுவாள் என்று அவனுக்குத் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஞாயிறு மூன்று குடும்பமும் லொக் வீட்டு முற்றத்தில் கூடியது. கிழிந்த உறை நடுவில் கிடந்தது. "எல்லார் முன்னாலயும் அளக்கணும்" என்றாள் ஐரேன். அதே ஆட்கள் திரும்ப வந்தார்கள். லொக்கின் பக்கம் சரியாக இருந்தது. ஹுவேயின் பக்கம் நாடாவை வைத்தபோது, அவளுடைய சமையலறைச் சுவர் நடு வீட்டு மனைக்குள் ஒரு சாண் ஏறியிருந்தது. ஹுவே தரையைப் பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரியும். கையெழுத்துப் போடாமல் தாளை மறைத்துவைத்ததன் காரணம் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

"வாங்கும்போது வித்தவன் சொல்லல" என்றாள் ஹுவே மெதுவாக. "அப்புறம்தான் கண்டுபிடிச்சேன். சுவரை இடிச்சா எனக்கு வேற சமையலறை கட்ட வக்கில்லை."

போதாக்குறைக்கு, வட்டார அலுவலகத்தில் விசாரித்துவந்த லொக் இன்னொன்றும் சொன்னார். பிரித்துக் கொடுக்கவேண்டுமானால் ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்தபட்ச அளவு வேண்டுமாம். இந்த மூன்றில் ஒன்றுகூட அந்த அளவுக்கு வராதாம். அதாவது, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே புத்தகத்துக்குள்தான் மூன்று குடும்பமும் கிடக்கவேண்டும்.

ஐரேன்தான் முதலில் பேசினாள்.

"சுவர் இருக்கற இடத்துலயே இருக்கட்டும். அதை நாங்க எழுதித் தர்றோம். நீங்க எங்க குடும்பப் பதிவுக்குச் சம்மதம் எழுதித் தாங்க. இப்பவே, இங்கேயே. லொக் அண்ணே, கேக்காம உறையைப் பிரிச்சதுக்கு அடுத்த முறை புத்தகம் உங்ககிட்ட கிடையாது."

"சரிதான், தண்டனையா?" என்றார் லொக். ஆனால் பேனாவை முதலில் எடுத்தவர் அவர்தான். பிரான்சுவா ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் அவனும் கையெழுத்துப் போட்டான்.

ஆகஸ்டில் ஜூலியேத் முதல் வகுப்பில் சேர்ந்தாள். காலையில் ஐரேனும் பிரான்சுவாவும் போனபிறகு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போக ஹுவேயைத் தவிர வேறு ஆளில்லை. அவள் எப்படியும் அங்கேதான் போகிறாள். வேறு வழியில்லாமல் ஐரேன் ஒப்புக்கொண்டாள். முதல் மாதம் முழுக்க, வேலை பார்க்கும் சமையலறையில் அரிசி களைந்து வைத்தவுடன் பள்ளிக் காவலாளியைச் செல்போனில் கூப்பிட்டாள்: பிள்ளை வந்தாளா, யாரோடு வந்தாள், கையைப் பிடித்திருந்தாளா? செப்டம்பரில் ஒருநாள் அந்தக் காவலாளி பொறுமை இழந்து, "வந்துட்டா, அக்கா. நேத்து வந்த மாதிரியே வந்துட்டா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அதற்கப்புறம் அவள் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள்.

பிரான்சுவாவுக்கு மட்டும் அவ்வளவு சீக்கிரம் மன்னிப்புக் கிடைக்கவில்லை. வரி கட்டப் போனாலும் மின்சார அலுவலகம் போனாலும் அவளும் கூடவே போனாள். வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்று, அவன் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளையும் முதலில் தான் வாங்கி, மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.