தரைக்கு ஒரு சாண் மேலே

முஷ்டியை உயர்த்தினால் சோறு போதும் என்று அர்த்தம். ஆட்காட்டி விரலைக் கீழே நீட்டி வட்டம் போட்டால் குழம்பு ஊற்றலாம். அந்த விரலுக்கு மேல் இடது உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தால், மெதுவாக ஊற்ற வேண்டும். அலெக்ஸாண்டர் சாப்பிட்டு எழுகிறவரை ஆலிஸ் கரண்டியைப் பார்த்ததைவிடப் புருஷனின் கையைப் பார்த்ததுதான் அதிகம். "வாயில இன்னா கொழுக்கட்டையா கீது? போதும்னு சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்பாள். அதற்கும் முஷ்டிதான் பதில்.

துறைமுகத்தில் அவர் சிக்னல்மேன். கப்பலின் அடியில் கிடக்கும் சரக்கு, உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. சரக்கும் கிரேன்காரரும் தெரிகிற இடத்தில் நின்று கை காட்டுவது சிக்னல்மேனின் வேலை. அந்த இரைச்சலில் கத்திப் பயனில்லை. கரையில் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் வீட்டிலாவது செலவழித்திருக்கலாம். செய்யவில்லை, கையை மட்டும் கொண்டுவந்தார். தப்பித் தவறி வாயைத் திறந்தால் முதலில் வருவது 'சனியனே'. மகள் ஜூடி சனியன், மகன் வால்டர் சனியன், ஓடாத ஃபேனும் சனியன். இப்பேர்ப்பட்ட சமத்துவத்தை வேறு எந்த வீட்டிலும் பார்க்க முடியாது.

ராயபுரத்தில் அவர்கள் இருந்த சந்தில் ஓர் ஆட்டோ நுழைந்தால் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வீடு மூன்றாவது மாடி. படிக்கட்டைக் கட்டிய மேஸ்திரிக்கு, மனிதர்கள் பீரோ, கட்டில் எல்லாம் வாங்குவார்கள் என்ற விஷயம் யாரும் சொல்லித் தெரிந்திருக்கவில்லை. ஆகவே அலெக்ஸாண்டர் மொட்டைமாடியிலிருந்து ஓர் இரும்பு கர்டரை வெளியே நீட்டி, அதில் கப்பி மாட்டினார். பால்கனிக் கம்பியைக் கழற்றி மாட்டும்படி செய்தார். கட்டடத்தில் யார் எதை வாங்கினாலும் அந்தக் கப்பியில்தான் ஏறும், அந்தக் கப்பியில்தான் இறங்கும். அவர் கீழே எதிர்ச்சாரியில் சாக்கடை மூடியின் மேல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். கப்பியும் தரையும் ஒருசேரத் தெரிகிற ஒரே இடம் அந்த மூடிதான். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிற இடம் அது.

முதல் மாடி சொக்கம்மாள் ஒருமுறை பழைய ஃபிரிட்ஜை விற்றாள். அது தரைக்கு ஒரு சாண் மேலே வந்ததும் அலெக்ஸாண்டர் முஷ்டியை உயர்த்தி நிறுத்திவிட்டார். "பழய பொட்டிதானேப்பா, தொப்புனு வெய்யேன்" என்றாள் சொக்கம்மாள். "ஒரு சாண் மேல நிறுத்தணும். ஆட்டம் அடங்கட்டும். அப்பால எறக்கணும். பழசுன்னா தொப்புனு போட்ருவியா? நீ கூடத்தான் பழசு" என்றார். அவள் அவரோடு அடுத்த கிறிஸ்துமஸ் வரை பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

வால்டரின் நிச்சயதார்த்தத்தன்று மனிதர் கோட்டு மாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண்வீட்டார் கார் சந்துக்குள் பின்னோக்கி வருகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், ஆளைக் காணோம். பன்னீர் தெளித்துச் சம்பந்தியை வரவேற்க வேண்டிய கை, சம்பந்தியின் காரைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தியது. இறங்கிய சம்பந்தி, வாசலில் வண்டி பார்த்துக்கொள்கிற ஆள் என்று நினைத்துச் சாவியை அவரிடம் நீட்டினார். அலெக்ஸாண்டர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அவுரு பெரிய மனுசன், நம்பிக் குட்த்தாரு" என்று ஆலிஸிடம் பெருமை வேறு.

இந்தக் கதைகளை வால்டர் சொன்னால் நைனா புனிதராகிவிடுவார். கொஞ்சம் அசந்தால் தெருமுனையில் கெபி கட்டி மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவான். ஜூடி அப்படிச் சொல்ல மாட்டாள். திருவொற்றியூரில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், எதையும் அளந்து கொடுத்தே பழக்கம். அவளுக்கு நைனாவை உயிருக்கு உயிராகப் பிடிக்கும். அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "போய் வேலயப் பாரு சனியனே" என்றிருப்பார்.

தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீடு வந்திருந்தபோது, டாக்டரிடம் போகும் நாளெல்லாம் ஒரு கூத்து நடக்கும். அவளுக்கு முன்னால் அலெக்ஸாண்டர் இறங்கிப் போய்ப் படிக்கட்டின் திருப்பத்தில் நிற்பார். வலது விரல் கீழே வட்டம் போடும், இடது உள்ளங்கை மேலே கவிழ்ந்திருக்கும். மெதுவாக, மெதுவாக.

"நான் இன்னா கோதும மூட்டயா நைனா?"

"மூட்டயா இருந்தா இன்சூரன்ஸ் இருக்கும். வாய மூடிகினு படியப் பாத்து எறங்கு."

இன்னொரு சமயம் கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு, குழந்தையும் பையுமாக வந்து நின்றாள். ஆலிஸ் இடுப்பில் கையை வைத்து, "இன்னாத்துக்குடி வந்த? அவுரு இன்னா சொன்னாரு?" என்று ஆரம்பித்தாள். அலெக்ஸாண்டர் செய்தித்தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே முஷ்டியை உயர்த்தினார். ஆலிஸின் வாய் நின்றது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் வாயெடுத்தபோதெல்லாம் அந்த முஷ்டி மேலே போனது. யாரும் எதுவும் கேட்காத வீட்டில் ஜூடி நன்றாகத் தூங்கினாள், நண்டுக் குழம்பு தின்றாள், ஒருநாள் தானாகவே பையை எடுத்தாள். "ஆட்டம் நின்னுச்சா?" என்றார் நைனா. "நின்னுச்சு." "அப்ப போ." பஸ் ஸ்டாண்டுவரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், அவளிடம் பேசிய பேச்சு மொத்தமே அவ்வளவுதான்.

அந்த மனிதர் வீட்டாரிடம் ஒரே ஒரு உதவி கேட்டார். எதிர்க் கட்டடத்தில் அசோகனின் தகப்பனார் மாடியில் இறந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் கட்டி, படிவழியே இறக்கினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் தலை சுவரில் மோதியது. பார்த்துவிட்டு வந்த அலெக்ஸாண்டர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "என்னிய நாற்காலில குந்தவெச்சி எறக்காதீங்க. நான் படுத்துகினே போறேன்" என்றார். தனக்காக அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தைகள் வந்ததே இல்லை என்பதால் ஆலிஸ் பயந்துபோனாள். "வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சு இது?" என்று திட்டினாள்.

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலமே காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் என்று முடிவானது.

சவப்பெட்டிக்காரர் வந்தார், படிக்கட்டைப் பார்த்தார், நாற்காலி கேட்டார். வால்டர் அழுதுகொண்டே போய் நாற்காலி எடுத்துவந்தான். அழுகை வேறு, அவசரம் வேறு. "எல்லாரும் அப்டித்தான்மா எறக்குறாங்க" என்றான். ஆலிஸ் அந்த நாற்காலியை வாங்கி, அதில் தானே உட்கார்ந்துகொண்டாள். "அவுரு படுத்துகினு போவணும்னு கேட்டுக்கினாரு. வேற வழி பாரு" என்றாள்.

ஜூடி தமீமுக்கு போன் போட்டாள். துறைமுகத்தில் அலெக்ஸாண்டரின் கையைப் பார்த்துக் கிரேன் ஓட்டியவர் தமீம். ரிட்டையராகி, முழங்கால் வலியோடு தண்டையார்பேட்டையில் இருந்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு 'யா அல்லா' சொல்லி மொட்டைமாடிக்கு ஏறினார். கப்பியைச் சுற்றிப் பார்த்தார், கயிற்றைக் கர்டரில் இரண்டு சுற்றுச் சுற்றினார். மாதா கோயில் இளைஞர்கள் நாலைந்து பேரைப் பிடிக்க வைத்தார். "எறக்கிடலாம் பாப்பா. ஆனா மேலேர்ந்து எனுக்கு ஒண்ணும் தெரியாது, சன்ஷேடு மறைக்கிது. கை காட்ட ஆளு வோணும்" என்றார்.

ஆளுக்கா பஞ்சம்? காலிப் பெட்டியை மேலே இழுத்து, நைனாவை உள்ளே கிடத்தி, பால்கனிக்கு வெளியே விட்டதும் சந்திலிருந்த அத்தனை பேரும் சிக்னல்மேன் ஆகிவிட்டார்கள். ஒருவர் இறக்கு என்றார், ஒருவர் ஏற்று என்றார், உபதேசியார் ஜெபப் புத்தகத்தையே ஆட்டிக் காட்டினார். வால்டர் ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்தபடி மறு கையால் விடு விடு என்றான். கயிறு இறங்கியது. பெட்டியின் கால்பக்கம் முதல் மாடி சன்ஷேடில் மாட்டிக்கொள்ள, தலைப்பக்கம் சரிந்தது. உள்ளே ஏதோ நகர்கிற சத்தம் கீழேவரை கேட்டது. ஆலிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். உட்கார்ந்து போக மாட்டேன் என்று சொல்லிவைத்த மனிதரை, நாற்காலிகூட இல்லாமல் தலைகீழாகவே அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது.

தமீம் கயிற்றை நிறுத்தினார். "இத்தினி கைக்கு நான் கட்டுப்பட மாட்டேன். ஒரு கைய மட்டும் காட்டுங்கப்பா" என்று மேலிருந்து குரல் கொடுத்தார்.

ஜூடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கடை மூடியின் மேல் ஏறி நின்றாள். கப்பி தெரிந்தது, தரையும் தெரிந்தது. முஷ்டியை உயர்த்தினாள். சந்தில் கைகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. வால்டர்கூட போனைப் பையில் போட்டான்.

விரலை மேலே நீட்டி வட்டம் போட்டாள். பெட்டி கொஞ்சம் ஏறி, சன்ஷேடிலிருந்து விடுபட்டு, மட்டமாக நின்றது. பிறகு விரலைக் கீழே திருப்பி, இடது உள்ளங்கையை அதன்மேல் கவிழ்த்தாள். மெதுவாக, மெதுவாக. சொக்கம்மாளின் ஜன்னலைத் தாண்டி, துணிக்கொடியைத் தாண்டி, நைனா படுத்தபடியே வந்தார்.

தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது முஷ்டியை உயர்த்தினாள். பெட்டி லேசாக ஆடியது. ஆட்டம் குறைந்தது. நின்றது. இனி விரலைக் கீழே காட்ட வேண்டியதுதான் பாக்கி. உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். "ஆட்டம் நின்னுச்சி ஜூடி, எறக்கு" என்றான் வால்டர்.

மேலே கயிற்றைப் பிடித்திருந்த தமீம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூடியின் முஷ்டி உயர்ந்தபடியே இருந்தது.