வலது சட்டைக்கை

என் நாத்தனார் பெயிண்டர். இருபத்தொன்பது வயது. வாய் நீளம், ஆனால் சாரத்தில் ஏறிவிட்டால் திறக்க மாட்டாள், திறந்தால் பெயிண்ட் சொட்டி உள்ளே போய்விடும். சீலிங் வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதே கட்டிடத்தில் சுவருக்குப் பட்டி பூசும் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

போன வருடம் அவளுடைய இடது கை மக்கர் பண்ண ஆரம்பித்தது. தலைக்கு மேல் தூக்கினால் ஐந்தே நிமிடத்தில் மரத்துவிடும். பெயிண்டருக்குக் கை போனால் பிழைப்பே போச்சு. கட்டிடத்து முதலுதவி அறைக்குப் போவாள். வலது சட்டைக்கை காய்ந்த பெயிண்டில் அட்டை மாதிரி விறைத்திருக்கும், சுருட்டவே வராது. அதனால் நர்ஸ் எப்போதும் இடது கையில்தான் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றுவார். ஒவ்வொரு தடவையும் பிரஷர் தொண்ணூறு.

"லோ பிரஷர்மா. உப்பு நல்லா சேத்துக்கோ. பொம்பளைங்கன்னா அசதி இருக்கத்தான் செய்யும்."

அதே மாதம், அங்கேயே வேலை செய்யும் என் கணவர் லேசாக நெஞ்சைத் தடவியதற்கு, மேஸ்திரி வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வெறும் வாய்வு. இவளையோ சோம்பேறி என்று கீழே இறக்கி, வாளி கழுவ விட்டார்.

வாளி கழுவுகிறவளின் சட்டையில் பெயிண்ட் ஏது? தலைவலி தாங்காமல் அவள் போன ஒரு நாள், நர்ஸ் வலது கையில் பட்டையைச் சுற்றினார். நூற்றுத் தொண்ணூறு. மிஷின்தான் கெட்டுவிட்டதோ என்று இடது கையிலும் பார்த்தார். தொண்ணூறு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய இடது மணிக்கட்டில் விரல் வைத்துத் தேடினார். நாடியே இல்லை.

"பெரிய ரத்தக் குழாயோட சுவர் ரொம்ப நாளா அழற்சியில வீங்கி, வழி சுருங்கிடுச்சு. இடது கைக்கு ரத்தம் சரியாப் போகல, அதான் அதுல கம்மியாக் காட்டுச்சு, நிஜ பிரஷர் வலது கையில காட்டினதுதான். இது வயசுப் பொண்ணுங்களுக்குத்தான் அதிகம் வரும், பெரும்பாலும் கைக்குப் போற குழாய்ல. ஆம்பளைங்களுக்கும் வரும், அவங்களுக்கு வயித்துப் பக்கம் அதிகம். இவ்வளவு நாளா என்ன பண்ணீங்க?"

"உப்பு சாப்பிட்டேன் டாக்டர்" என்றாள்.

மாத்திரையில் முகம் உப்பிப்போனது. "இப்ப எனக்கே ரெண்டு கோட் அடிக்கணும் அண்ணி" என்று சிரித்தாள். அழற்சி அடங்கியதும் பலூன் வைத்துக் குழாயை விரித்தார்கள். நோய் முழுசாகப் போகாது, மாத்திரை தொடர வேண்டும் என்றார்கள்.

எட்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள்.

"கீழயே இரும்மா, எதுக்கு வம்பு" என்றார் மேஸ்திரி.

இடது கையை அவர் முன்னால் நீட்டினாள். "புடிச்சுப் பாருங்க."

தயங்கித் தயங்கி மணிக்கட்டில் விரல் வைத்தார். நாடி துடிப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் பட்டித் தகடும் கையுமாக நின்று அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷத்தில்தான்.

மேஸ்திரி கையை விட்டார். சாரத்தின் ஏணியை ஆடாமல் அவரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏறும்மா" என்றார்.