கிருபாபாய் சிஸ்டரின் கசங்காத வார்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எண்பதுகளில் அதன் ஆண்கள் வார்டில் கிருபாபாய் சிஸ்டரின் தனியாட்சி நடந்தது. தேர்தல் கிடையாது, எதிர்க்கட்சியும் கிடையாது. அவர் செருப்புச் சத்தம் கேட்டால் இருமுகிறவன்கூட இருமலை விழுங்கிவிடுவான்.

அந்த ஆட்சியின் கொடி, போர்வை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருமுன் ஒவ்வொரு நோயாளியையும் கழுத்துவரை போர்த்தி, கால்மாட்டில் போர்வையை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகிவிட வேண்டும். அப்புறம் நர்ஸுகள் வாய் திறக்கக் கூடாது. டாக்டர் வாசலிலேயே நின்று, "பியூட்டிஃபுல், சிஸ்டர்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக சிஸ்டர் காலைக் காப்பியைத் துறந்தார்; நோயாளிகளையும் துறக்கவைத்தார்.

ராஜபாளையம் மில்லில் கால் எலும்பை முறித்துக்கொண்ட உக்கிரபாண்டி மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அன்று ரவுண்ட்ஸ் தொடங்கும் நேரம், புது நர்ஸ் அசீனா சிஸ்டரின் காதோரம் வந்தாள்.

"சிஸ்டர், அந்த அண்ணனுக்குக் கால் விரலு..."

"ஏட்டி, வாய மூடு. டாக்டர் வாராவ."

மூடினாள். "வலி இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். உக்கிரபாண்டி சிஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல சார்" என்றார். வார்டு வழக்கமான பட்டத்தைப் பெற்றது.

டாக்டர் நகர்ந்ததும் அசீனா அழுதுகொண்டே போர்வையை உருவினாள். கட்டுக்கு வெளியே விரல்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. கிருபாபாய் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தன.

"டாக்டரக் கூப்பிடு! ஓடு!"

இறுகிப்போயிருந்த மாவுக்கட்டைப் பிளந்தார்கள். கால் தப்பியது, இரண்டு விரல்கள் தப்பவில்லை.

"இந்தப் புள்ள சொல்ல வந்துச்சு. நாந்தான் வாய அடைச்சேன்" என்று டாக்டரிடம் சிஸ்டரே சொன்னார்.

"விடுங்க சிஸ்டர். நானும் உங்களுக்குப் பயந்துதான் சொல்லல" என்றார் உக்கிரபாண்டி. ஆறுதலாகத்தான் சொன்னார். சிஸ்டருக்கு அதுதான் சுட்டது.

அடுத்த ரவுண்ட்ஸில் டாக்டர் வாசலில் திகைத்து நின்றார். கட்டில்தோறும் போர்வைக்கு வெளியே பித்தவெடிப்பும் சேற்றுப்புண்ணுமாகக் கால்கள்.

"என்ன சிஸ்டர், சந்தக்கட மாதிரி இருக்கு?"

"கால் தெரியணும் டாக்டர். அசீனா, மொதல்ல நீ சொல்லு. டாக்டர் செத்த நேரம் நிப்பாவ."

நின்றார். அதன்பின் அந்த வார்டு 'பியூட்டிஃபுல்' என்ற சொல்லைக் கேட்டதே இல்லை.

தொண்ணூற்றைந்தில் சிஸ்டர் ஓய்வுபெற்ற அன்று உக்கிரபாண்டி மாலையோடு வந்தார். சிஸ்டர் மாலையைப் பார்க்கவில்லை. குனிந்து, செருப்பில் இருந்த மூன்று விரல்களைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"மழ பேஞ்சா வலிக்கும் சிஸ்டர்" என்றார், இந்த முறை பயப்படாமல்.