சுவருக்குள் நாலடி

விபோர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை மாளிகையை அளக்க வந்திருக்கிறேன். கதவைத் திறந்ததும், சின்ன வயதில் இங்கே வந்தபோது அடித்த தரைப்பலகைச் சவர்க்காரத்தின் அதே மணம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடமே போகாத அப்பா, நான் ஆசைப்பட்டேன் என்று ரிக்கெற் எடுத்து இந்த மாளிகையைப் பார்க்கக் கூட்டிவந்தார். வாசலில் ரிக்கெற் கிழித்த மனுசி எங்களை மேலும் கீழும் பார்த்தா. நாங்கள் சாப்பாட்டு மண்டபத்தைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனால், எங்களைக் கடந்து போகாமலே எங்களுக்கு முன்னமே அங்கே நின்றா.

"எங்களைக் கள்ளர் எண்டு நினைக்கிறா," என்றார் அப்பா. மண்டபத்துக்குத் திரும்பிச் சப்பாத்தைக் கழற்றினார். காலுக்கு முன் கால் வைத்து இரண்டு அறைகளையும், பக்கத்து விறாந்தையையும் அளந்தார்.

"விறாந்தையை விட உள்ளுக்கை நாலடி குறையுது. சுவருக்குள்ள வழி இருக்கடா."

அவர் காலால் அளந்ததைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் அவருடைய கையை விட்டுவிட்டேன்.

இன்று என் லேசர் கருவியும் ஒரு மீற்றர் குறைவாகக் காட்டியது. சுவர்த்தாள் ஒட்டிய பலகையைத் தள்ளினேன். பின்னால், அந்தக் காலத்தில் வேலைக்காரர் சாப்பாடு கொண்டுபோன ஒடுங்கிய பாதை. உடனே அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, நீங்கள் சொன்ன வழி இருக்கு."

"ஓம். அந்த ரிக்கெற் மனுசி உள்ளுக்கை நிண்டு எங்களைப் பாத்த ஓட்டை எங்க இருக்கெண்டும் பார்."

ரோச் லைற் அடித்துத் தேடினேன். இருந்தது. அதற்குள்ளால் மண்டபம் முழுதும் தெரிந்தது, அப்பா சப்பாத்தைக் கழற்றிய இடமும்.