எங்கள் தெருவின் கரை

அந்த ஏரியை நான் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். கல் பதித்த மண்கரை, கரைமேல் காற்று, சுண்டல் வண்டி, செல்ஃபி எடுக்கிற கூட்டம். "கடல் மாதிரி இருக்குல்ல?" என்றார் கணவர். எனக்கோ அது படுத்தபடியே எங்களைக் கண்காணிப்பது போலிருந்தது.

நகரம் குடிக்கும் தண்ணீர் அது. தாம்பரத்துக்கு மேற்கே, ஆற்றோரத் தாழ்வில் கிடக்கும் எங்கள் தெருவுக்கு அதிலிருந்து ஒரு குழாய்கூடக் கிடையாது. குடிப்பது கேன் தண்ணீர், குளிப்பது உப்பேறிய போர் தண்ணீர். ஏரி நிரம்பி ஷட்டரைத் திறக்கும்போது மட்டும், ஆற்றோடு ஓடி வந்து எங்கள் வீட்டு எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்துவிடும்.

ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "எத்தனை அடி?" என்பதுதான். ஏரியின் மட்டத்தைப் போனில் பார்த்த பிறகே பால் காய்ச்சுவோம். கார் வைத்திருப்பவர்கள் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு முறை வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது. மூன்றாவது மழைக்கு முன் கணவர் சொல்லிவிட்டார். "இந்தத் தடவை நிலைப்படி தாண்டுச்சுன்னா வீட்டை வித்துடறோம். ஊரப்பாக்கத்துல மூணாவது மாடி ஃபிளாட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"தாண்டாது," என்றேன். நான் நின்று கட்டிய வீடு. ஒரு ஏரிக்குப் பயந்து கொடுத்துவிட்டுப் போவதா?

ஷட்டர் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்றே தெருமுனையை மண்மூட்டைகளால் அடைத்தோம். இடுப்பளவு கரை. எல்லோரையும் விரட்டி வேலை வாங்கியது நான்தான். முனையில் மீன் விற்கும் அக்கா அன்னக்கூடையோடு நகர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, அணை கட்டிகினு கீறீங்க?"

"ஆத்துத் தண்ணி உள்ள வராம இருக்கத்தான்."

"அது சரி. மேலேந்து ஊத்தற மழ எந்தப் பக்கம் போவும்? இந்த வழியாத்தானே?"

"நீங்க மீனைப் பாருங்க."

"மீனு செத்துப்போச்சும்மா, அது எங்கயும் போவாது," என்றார். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிந்தது.

மறுநாள் ஆறு ஏறியது. மூட்டைகளின் அடியை நக்கியது, அங்கேயே நின்றது. நான் கரைமேல் ஏறி நின்று, கண்ணுக்கெட்டாத அந்த ஏரியை வாயில் வந்தபடி திட்டினேன். அந்த மாதிரி சுகம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

இறங்கியபோது கால் முழங்கால்வரை நனைந்தது. தெருவில் பெய்த மழையெல்லாம் வெளியேற வழியில்லாமல் எங்கள் கரைக்கு உட்புறம் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன. கணவர் கட்டில்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தாண்டிடுச்சு."

"இது ஏரித் தண்ணி இல்ல. மழைத் தண்ணி. இது கணக்குல சேராது."

"தண்ணிகிட்ட சொந்த ஊர் எதுன்னு விசாரிக்கணுமா நான்?"

தெருமுனைக்குத் திரும்பினேன். ஊறிப்போன மூட்டை அசையவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த அக்கா கடப்பாரையோடு வந்தார்.

"இழு, இழு. நேத்து இன்னா வாய் பேசுன!"

இருவரும் பிளந்தோம். உள்ளே நின்ற தண்ணீர் மட்டம் ஆற்றைவிட உயர்ந்திருந்தது. பிளவின் வழியே சீறிக்கொண்டு வெளியேறியது. அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. வரவில்லை.

கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சேற்றுக்கோடு நின்றது. வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று கணவர் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி வந்தார். நான் அந்தக் கோட்டின்மேல் ஆணி அடித்து வைத்தேன்.

முதலில் வந்த தம்பதியில் அந்தப் பெண் தயங்கிக் கேட்டாள். "இங்க தண்ணி வருமா ஆன்ட்டி?"

ஆணியைக் காட்டினேன். அவர்கள் காபி குடிக்காமலே கிளம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு குடும்பம் வருகிறது. ஆணியைக் கணவர் பிடுங்கிவிட்டார். சுத்தியல் என்னிடம் இருக்கிறது.