டேப்பின் ஓரத்தில் பதிந்த கட்டைவிரல்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனாலும் பட்டம் வாங்கியவர்களே அவள் மேசைக்கு வந்து காத்து நிற்பார்கள். கிராஃபைட் துண்டை டேப்பில் ஒட்டி, மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்துப் பிரித்து, ஒரே ஓர் அணு கனத்துக்கு ஏடாக்கிக் கொடுக்க அவளை விட்டால் அங்கே ஆள் இல்லை. அந்த ஏடுதான் கிராஃபீன். ஒளி பட்டால் மின்சாரம் தரும் குட்டிக் கருவிகளை அதில்தான் செய்வார்கள். கருவி ஓடினால் பெயர் பேராசிரியருக்கு, ஓடாவிட்டால் பழி டேப்புக்கு. அது கிடக்கட்டும்.

பக்கத்து மேசையில் அதே வேலை பார்த்தவர் அவள் புருஷன். கைராசிக்காரர்தான், ஆனால் கையுறை என்றால் காத தூரம் ஓடுவார்.

"உனக்கென்ன தெரியும், என் விரலுக்கு மூச்சு முட்டுது" என்பார்.

வெறும் விரல் பிசின் பக்கம் பட்டால் எண்ணெய்ப் பசை ஏறி ஏடு கெட்டுவிடும். "உங்க கை பட்டுடுச்சு, இனி ஆகாது" என்று பதினெட்டு வருஷம் அவரைக் கரித்துக்கொட்டி, அந்த டேப்புகளையெல்லாம் குப்பையில் போட்டாள்.

போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் அவர் கை பட்ட தடம் ஒன்றுகூட மிச்சமில்லை. கதவு, கண்ணாடி என்று எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து வைத்தவள் அவள்தானே. அதை நினைத்து நினைத்து அழுதாள். ஆராய்ச்சிக்கூடத்து மேசை இழுப்பறையில் மட்டும் அவருடைய கடைசி டேப் ஒன்று, மூடிய டப்பாவில் இருந்தது. அதன் பிசின் பக்கத்து ஓரத்தில் கரித்தூள் படிந்த கட்டைவிரல் ரேகை, வரி வரியாக. தினமும் மூடியைத் திறந்து பார்ப்பாள், தொடமாட்டாள்.

அன்று அதில் ஏதோ தூசி தெரிந்தது. டேப்பை இரு முனையிலும் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.

"அக்கா, மத்தியானத்துக்குள்ள எட்டு டேப் வேணும், முடியுங்களா?" வாசலில் பேராசிரியர்.

"ஆகட்டும் சார்" என்று திரும்பினாள்.

யாராவது பேச வந்தால் தூசி படாமல் டேப்பை மடித்துக்கொள்வது அந்த வேலையின் பழக்கம். கை தானாகச் செய்துவிடும். பேராசிரியர் போனபின் குனிந்து பார்த்தாள். டேப் பிசினோடு பிசினாக ஒட்டியிருந்தது. அவளுடைய விரல்கள் அதை நன்றாக நீவியும் விட்டிருந்தன.

பிரிக்காமலே வைத்துவிடலாமா என்று யோசித்தாள். மனசு கேட்கவில்லை. மெல்ல, மிக மெல்லப் பிரித்தாள். கரி பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். எந்தப் பாதியிலும் வரி தெரியவில்லை.

மத்தியானம் வந்த பேராசிரியர் மேசையில் விரிந்து கிடந்த அந்த டேப்பை எட்டிப் பார்த்தார்.

"அருமையா பிரிஞ்சிருக்கே, இதையே எடுத்துக்கவா?"

"வேண்டாம் சார். அதுல அவர் கை பட்டுடுச்சு" என்றாள். இனி ஆகாது என்று சொல்ல வாய் வரவில்லை.